ஆறிய இயந்திரத்தின் மேல் ஈரக் கருவாடு

அத்தியாயம் ஐந்து

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த அத்தாஉல்லா ஹாஜியார் இயந்திர அறையைத் திறந்தபோது சுவரில் நான்கு ஓட்டைகள் மட்டுமே இருந்தன. அந்த ஓட்டைகளில் தொங்கவேண்டிய பெட்டியைக் காணவில்லை.

கண்டக்குழியில் களப்போரமாக ஹாஜியாருக்கு மூன்று இறால் குளங்கள். இறாலுக்கும் மூச்சு வேண்டும். எட்டுச் சக்கரங்கள் தண்ணீரை அடித்து அடித்துக் காற்றைக் கலந்துகொண்டே இருக்கும். சூரியத் தகட்டிலும் பற்றரியிலும் இருந்து வருகிற மின்சாரத்தைச் சக்கரங்கள் கேட்கிற மாதிரி மாற்றிக் கொடுப்பது இன்வேர்ட்டர் பெட்டி. காணாமல் போனது அதுதான். மூன்று நாள் மழையில் மின்கம்பம் சாய்ந்து ஊரிலேயே கரண்ட் இல்லை. வெளிச்சம் இருக்கும் வரை குளத்துப் பாசி ஏதோ கொஞ்சம் காற்றைத் தரும், இருட்டினால் அதுவும் கையை விரித்துவிடும். பொழுது சாயும் மஃரிப் தொழுகைக்குள் பெட்டி வராவிட்டால், மூன்று மாதம் கண்ணுக்குள் வைத்து வளர்த்த இறால் அத்தனையும் செத்து மிதக்கும்.

ஹாஜியார் முஃபீதாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

புத்தளத்தில் துப்பறியும் நிலையம் என்று பலகை போட்டால் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிக்கத்தான் ஆட்கள் வருவார்கள். ஆகவே முஃபீதா பலகை போடவில்லை. பத்து வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் எரிந்த இயந்திரங்களைப் பார்த்து, தானாக எரிந்ததா எரிக்கப்பட்டதா என்று சொல்லுகிற வேலை பார்த்தவள். இயந்திரம் பொய் சொல்லாது, இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர் சொல்லுவார் என்பது அந்தப் பத்து வருடத்தில் அவள் கண்டுபிடித்த ஒரே உண்மை. அவளுடைய உதவியாளன் முபாரிஸ். அவனை யாரும் நியமிக்கவில்லை. ஒரு நாள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான், இறக்கிவிட்ட பிறகும் போகவில்லை, அவ்வளவுதான்.

இரண்டேமுக்காலுக்கு ஆட்டோ பண்ணைக்குள் நுழைந்தது. குளத்து வரம்பில் நின்று ஹாஜியார் ஊருக்கே கேட்கிற மாதிரி ஏசிக்கொண்டிருந்தார். ஜும்ஆவுக்குப் போட்ட வெள்ளை ஜுப்பாவை இன்னும் கழற்றவில்லை. முழங்கால் வரை சேறு.

அவருடைய மனைவி முனவ்வரா தேத்தண்ணி கொண்டுவந்தார். அமைதியான பெண், வயது ஐம்பது இருக்கும். முஃபீதாவை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனவர், சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு சாக்குப் பொதியோடு திரும்பி வந்து அதை முபாரிஸிடம் நீட்டினார். புத்தளத்தில் இருக்கிற தன் தங்கச்சி சுல்பாவுக்குக் கொஞ்சம் கருவாடு, போகிற வழியில் கொடுத்துவிட்டால் புண்ணியம், பிரிக்க வேண்டாம், ஆட்டோ நாறும் என்றார். முபாரிஸ் வாங்கும்போது தோள் ஒரு பக்கம் சரிந்தது. இந்தக் கருவாட்டைக் கரைக்கு இழுக்கவே கிரேன் பிடித்திருப்பார்கள் என்று முணுமுணுத்தபடி பின் ஆசனத்துக்கு அடியில் தள்ளினான்.

இயந்திர அறை ஒரு குசினி அளவு. முஃபீதா வாசலிலேயே நின்று கண்ணால் பெருக்கினாள். சுவிட்சை முதலில் அணைத்திருக்கிறார்கள். நட்டுகளை ஒழுங்காகக் கழற்றி, தொலையாமல் ஜன்னல் கட்டில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். தொங்கிய வயர் நுனிகளில், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரைச் சுற்றியிருக்கிறார்கள். மூலையில் ஒரு சுருள் செப்புக் கம்பி கிடந்தது. அதை யாரும் தொடவில்லை.

"செம்பை விட்டுட்டுப் போற கள்ளன் கள்ளனே இல்ல மிஸ்," என்றான் முபாரிஸ். "நட்டு அடுக்கி, காயத்துக்கு மருந்தும் கட்டியிருக்கான். இவன் ஆஸ்பத்திரியில வேல பாத்த ஆள்."

பின்னால் ஒரு பெரிய இரும்புப் பெட்டி, இரண்டு கதவு அலுமாரி அளவு. அது பழைய இன்வேர்ட்டர். இரண்டு கிழமைக்கு முன் வரை எட்டுச் சக்கரத்தையும் ஓட்டியது இதுதான். போனது புதியது, பிஸ்கற் தகரத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஹாஜியார் துக்கத்துக்கு நடுவிலும் பெருமையை விடவில்லை. உள்ளே சிலிக்கன் காபைட் என்று ஒரு புதுப் பொருளாம், சத்தம் இல்லையாம், விசிறி இல்லையாம், தொட்டால் குழந்தையின் கன்னம் மாதிரிக் குளிராக இருக்குமாம்.

இவ்வளவு பெரிய பூதம் செய்த வேலையை அவ்வளவு சின்னப் பெட்டி எப்படிச் செய்யும் என்று முபாரிஸ் கேட்டான். முஃபீதா சுருக்கமாகச் சொன்னாள். மின்சாரம் ஓட வேண்டுமானால் இலத்திரன் ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். சாதாரண சிலிக்கனில் அந்தப் பள்ளம் ஒடுக்கம். சூடு ஏறினால் சொல்லாமலே தாண்டிக் குதித்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். புதிய பொருளில் பள்ளம் மூன்று மடங்கு அகலம். கூடிய அழுத்தத்தையும் சூட்டையும் அது தாங்கும். அதனால் மெல்லிய சில்லுப் போதும், கண்மூடி முழிக்கிறதற்குள் பல்லாயிரம் தரம் திறந்து மூடும், வீண் போவது சொற்பம். வேகம் கூடினால் உள்ளே இருக்கிற செப்புச் சுருளும் சிறுத்துவிடும். பழையதில் நூறு பங்கு மின்சாரம் போனால் பதினைந்து பங்கு சூடாகிக் காற்றோடு போகும். புதியதில் இரண்டு.

"பள்ளம் பெரிசா இருந்தா நல்லதெண்டு இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்," என்றான் முபாரிஸ். "அப்ப எங்கட ரோட்டு உலகத்திலேயே முன்னேறின ரோட்டு."

ஹாஜியாருக்குச் சிரிப்பு வரவில்லை. அவசரத்துக்குப் பழையதை மாட்டி ஓட்டலாமே என்று முஃபீதா கேட்டாள். அவர் கண் ஒரு தரம் கதவுப் பக்கம் ஓடியது. வயரிங் சரியில்லை, அது சரிவராது, அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம், கள்ளனைப் பிடியுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னார். குளத்தில் உயிர் ஊசலாடுகிறது, கைக்கெட்டுகிற தூரத்தில் பழைய பெட்டி நிற்கிறது, மனுசன் அதன் மேல் விரலும் வைக்கமாட்டேன் என்கிறார். முஃபீதா அதை மனதில் முடிந்துகொண்டாள்.

காவல்காரர் அபூசாலியை விசாரித்தது இரண்டு நிமிடம். அவர் ஜும்ஆவில் முதல் வரிசையில் இருந்ததற்கு ஹாஜியாரே சாட்சி. தவிர, பழைய பெட்டியின் இரைச்சல் தாலாட்டில் பதினொரு வருடம் தூங்கிய மனுசன், புதுப்பெட்டி வந்ததிலிருந்து கண்ணே மூடவில்லையாம். காவல்காரர் முழித்திருக்கிற பண்ணையில் களவு போயிருக்கிறது என்று முபாரிஸ் தனியாக வியந்தான்.

ஹாஜியாருக்குச் சந்தேகம் பக்கத்து விடுதிக்காரி மெரினா மேல். போன கிழமை வேலிக்கு மேலால் எட்டி, பெட்டி என்ன விலை, என்ன பெயர் என்றெல்லாம் அவள் கேட்டாளாம். முஃபீதா வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கேள்விதான் கேட்டாள். மெரினா கையெடுத்துக் கும்பிட்டாள். ஐந்து வருடம் அந்தப் பழைய பூதத்தின் சத்தத்தில் வெள்ளைக்காரர் ஒரு நாளுக்கு மேல் தங்கவில்லை, இப்போதுதான் ஒரு ஜோடி ஒரு கிழமையாகத் தங்குகிறது, தயவு செய்து அந்தச் சின்னப் பெட்டியைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்றாள். சத்தமில்லாத பெட்டியைத் திருடிச் சத்தத்தை வரவழைக்க இந்த ஊரில் கடைசி ஆளாகத்தான் மெரினா சம்மதிப்பாள்.

மணி நாலு. வானம் இன்னும் கறுத்தது. முஃபீதா இயந்திர அறைக்குத் திரும்பி வந்து, பழைய பெட்டியின் தலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அங்கே ஒரு நீலத் தட்டு. அதில் உப்புத் தடவிக் கீறிய சீலா மீன் துண்டுகள், வரிசை வரிசையாக.

அபூசாலி விளக்கினார். மாரி காலத்தில் வெயில் ஏது? இந்தப் பெட்டியின் மேல்தான் ஹாஜியார் வீட்டுக் கருவாடு காயும், அடுப்பு மாதிரிக் கொதிக்கும். அது நின்று இரண்டு கிழமை. நின்ற பிறகு யாரும் அதன் மேல் ஒரு மிளகாய்கூடக் காயப்போடவில்லை. இன்றைக்கு ஹாஜியார் கதவைத் திறந்ததிலிருந்து மீனோடு யாரும் உள்ளே வரவும் இல்லை.

முஃபீதா கதிரையில் ஏறிப் பார்த்தாள். பெட்டியின் தலை முழுக்க இரண்டு கிழமைத் தூசி. தட்டிலிருந்து வடிந்த உப்புத்தண்ணீர் அந்தத் தூசியில் இன்னும் ஈரமாக ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் உள்ளங்கையை வைத்தாள். கல்லாகக் குளிர்ந்தது.

"முபாரிஸ், பத்தாத அடுப்பில ஆராவது சட்டி வைப்பாங்களா?"

"வைப்பாங்க மிஸ். நெருப்புப் பெட்டி தன்ட கையில இருந்தா."

அதுதான் விசயம். புதுப்பெட்டி காணாமல் போனால் பழையதைத்தான் ஓட்டுவார்கள், ஓட்டினால் சூடாகும் என்று யாரோ முன்கூட்டியே தெரிந்து மீனைப் பரப்பியிருக்கிறார். களவு போனது ஹாஜியாருக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்த ஆள். இன்றைக்குப் பிடித்த மீன். இந்த மழையில் கடலுக்குப் போகிற துணிச்சல் யாருக்கு இருக்கிறது என்று அபூசாலியிடம் கேட்டாள். துணிச்சல் இல்லை, வீட்டில் சண்டை என்றால் றவூப் எந்த மழையிலும் போவான் என்றார் அவர்.

றவூபின் மீன்வாடி கடற்கரையில் ஐந்து நிமிட ஓட்டம். முபாரிஸ் ஆட்டோவை வாடி வாசலிலேயே நிறுத்தினான். வலை குவித்த மேடையில் ஏழெட்டுப் பூனைகள் மழைக்கு ஒதுங்கியிருந்தன. றவூப் மறைக்கிற ஆள் இல்லை. காலையில் பிடித்த சீலா முழுவதையும் ஒரே ஆள் வாங்கியதாகச் சொன்னான்.

"ஹாஜியார்ட வீட்டுக்காரிதான் வந்தா, ஏழு மணிக்கு. இந்த மழையில எங்க ராத்தா காயப்போடுவீங்க எண்டு கேட்டன். பின்னேரம் எங்கட பழைய மெஷின் சூடாகும் எண்டா."

களவு நடந்தது நண்பகலில். முனவ்வரா காலை ஏழு மணிக்கே பின்னேரத்துச் சூட்டைப் பற்றிக் கதைத்திருக்கிறார்.

தெரிந்து என்ன பயன், அந்த வீட்டையும் பண்ணையையும் எத்தனை மூலை தேடுவது, மஃரிபுக்கு ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை என்று முபாரிஸ் புலம்பினான். முஃபீதா பூனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று மேடையில் படுத்து வாலை ஆட்டியது. ஒன்று ஆட்டோவுக்குள் ஏறி, பின் ஆசனத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கொட்டாவி விட்டு இறங்கிப் போனது.

"உங்கட ஆட்டோவில எவ்வளவு கருவாடு இரிக்கு?"

"பலாப்பழப் பாரத்துக்கு இரிக்கு மிஸ்."

"பலாப்பழப் பாரத்துக் கருவாட்டை மோந்தும் பாக்காத பூனை எந்த ஊர்ல இரிக்கு?"

முபாரிஸ் பொதியைப் பார்த்தான். பூனையைப் பார்த்தான். முஃபீதா சணல் கயிற்றை வெட்டினாள். சாக்குக்குள் பழைய சீத்தைத் துணி, துணிக்குள் பத்திரிகைத்தாள், தாளுக்குள் ஹாஜியார் சொன்ன மாதிரியே குழந்தையின் கன்னம்போலக் குளிர்ந்த சின்னப் பெட்டி.

களவுப்பொருளோடு இரண்டு மணித்தியாலம் ஊர்கோலம் போயிருக்கிறோம் என்பது முபாரிஸின் மண்டையில் ஏற ஒரு நிமிடம் எடுத்தது.

"அப்ப நான் கள்ளன்ட ஆளா மிஸ்?"

"ஓம். பத்திரமா ஓட்டினீங்க. இப்ப அதைவிட வேகமா ஓட்டுங்க."

அவர்கள் திரும்பியபோது ஐந்து மணி. முதல் குளத்தின் ஓரத்தில் இறால்கள் மேலே வந்து மீசையை நீட்டிக்கொண்டு நின்றன. மூச்சுக்கு ஏங்குகிற கோலம் அது. பெட்டியைக் கண்ட ஹாஜியார் அதைப் பிள்ளையைப்போல வாங்கினார். அபூசாலி நட்டுகளை முடுக்கினார். எல்லாம் சரி, ஆனால் பெட்டியையும் பற்றரியையும் சேர்க்கிற ஒரு முழக் கறுப்பு வயரைக் காணவில்லை. இரண்டு பக்கமும் தனி மாதிரிப் பிளக் வைத்த வயர், கொழும்பில்தான் கிடைக்கும்.

முஃபீதா வாசலைப் பார்த்தாள். முனவ்வரா அங்கே நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"ராத்தா, அந்த வயர்," என்றாள் முஃபீதா.

ஹாஜியார் திரும்பினார். அவருக்கு விளங்கவில்லை. விளங்கியபோது பக்கத்தில் இருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

முனவ்வரா இடுப்பில் செருகியிருந்த வயரை எடுத்தார். ஆனால் நீட்டவில்லை.

"தாறன். அதுக்கு முந்தி இவர் ஒண்டு சொல்லட்டும். ரெண்டு மணியில இருந்து நான் பாத்துட்டு நிக்கிறன். இறால் சாகுது எண்டு கத்துறார், பழையத்தப் போடுறார் இல்ல. ஏன்?"

ஹாஜியார் மழையைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். முனவ்வராவை மட்டும் பார்க்கவில்லை. முஃபீதா அபூசாலியின் கையிலிருந்த திருப்புளியை வாங்கி, பழைய பெட்டியின் முதுகுத் தகட்டைக் கழற்றினாள். தகடு விழுந்தது. உள்ளே இரண்டு பல்லிகள் இருந்தன. வேறு எதுவுமே இல்லை. செப்புச் சுருள், விசிறி, பலகைகள் எல்லாம் போய், வெறும் இரும்புக் கோது.

ஆக, அந்த அறையில் நடந்த களவு ஒன்றல்ல, இரண்டு. புதுப்பெட்டி வரும்போது பழையதைத் தன் கருவாட்டுக்கு விட்டுவைக்கச் சொல்லி முனவ்வரா கேட்டிருந்தார். ஹாஜியாரும் தலையை ஆட்டியிருந்தார். ஆட்டிவிட்டு, புதியதன் விலையில் கழிக்கப் பழையதன் குடலை உருவி, புதுப்பெட்டி பூட்ட வந்த பொறியியலாளரிடம் கொடுத்துவிட்டு, மனைவி அறியாமல் தகட்டைத் திரும்பப் பூட்டியிருந்தார். கோது நின்றால் போதும், சூடு வராததற்கு ஏதாவது காரணம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். இதையெல்லாம் அவர் ஜுப்பாவின் ஓரத்தைத் திருகியபடி, மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார். முபாரிஸ்கூடச் சிரிக்கவில்லை.

"பதினைஞ்சு பங்கு வீணாப் போகுது எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சீங்க," என்றார் முனவ்வரா. "அந்த வீண்ல நான் பதினொரு மாரி கருவாடு போட்டன். சிலாபம் வரைக்கும் என்ட பேரைக் கேட்டு வாங்குறாங்க. உங்களுக்குத்தான் அது வீண், எனக்கு அது தொழில். பெட்டி மாத்தப் போறன், உன்ட தொழிலுக்கு என்ன செய்வம் எண்டு ஒரு சொல் கேட்டிருந்தா, நானே நட்டைக் கழட்டித் தந்திருப்பன்."

குளத்தில் ஒரு இறால் துள்ளி விழுந்த சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

"மிச்சம் பிடிக்கிற பதின்மூண்டு பங்கும் இனி என்ட," என்றார் அவர். "அதுல எனக்கு ஒரு காய வைக்கிற பெட்டி. இந்தக் கோதுக்குள்ளேயே."

ஹாஜியார் மெரினாவையும் அபூசாலியையும் பின்னேரம் முழுக்க ஏசிய அதே வாயால், சரி என்றார். சத்தமாகச் சொல்லச் சொன்னார் முனவ்வரா. சத்தமாகச் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் மெரினாவின் வெள்ளைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வயர் கை மாறியது. முஃபீதா இரண்டு பிளக்கையும் அழுத்தினாள். பெட்டியில் ஒரு பச்சை வெளிச்சம் வந்தது, வேறு ஒரு சத்தமும் இல்லை. ஓடுகிறதா இல்லையா என்று அபூசாலி காதை வைத்துப் பார்த்தார். அதற்குள் வெளியே எட்டுச் சக்கரமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரை அடிக்கத் தொடங்கின. பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. ஹாஜியார் வரம்பில் குந்தி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். சந்தோசத்தில் பாதி, வெட்கத்தில் பாதி.

கொஞ்ச நேரம் அவரை அழவிட்டு, முனவ்வரா பக்கத்தில் போய் நின்றார்.

"இப்ப நான் என்ன செய்யட்டும் புள்ள?" என்று ஹாஜியார் கேட்டார். முப்பது வருடக் கல்யாணத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று அபூசாலி பிறகு சத்தியம் செய்தார்.

"குசினியில அடுப்பு மூட்டியிரிக்கு," என்றார் முனவ்வரா. "விடியும் வரைக்கும் மீனைத் திருப்பித் திருப்பிப் போட ஒரு ஆள் வேணும்."

ஹாஜியார் எழுந்தார். நீலத் தட்டை இறக்கித் தலையில் வைத்தார். சீலாவின் உப்புத்தண்ணீர் தாடி வழியாக வெள்ளை ஜுப்பாவில் இறங்க இறங்க, மனைவிக்குப் பின்னால் குசினிக்குப் போனார்.